சத்தமில்லாத துவக்கு என்று ஒன்று உண்டா? வேட்டைக்கும் இலக்குச் சூட்டுக்குமான ஒலியடக்கிகள்

'சைலன்சர்' என்ற சொல்லை எம்மவர்கள் இரண்டு இடங்களில் கேட்டிருக்கிறார்கள். ஒன்று மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய். மற்றையது, யார் சுட்டது என்றே தெரியாமல் முடிந்துபோன கொலைகள் பற்றிய பேச்சு. அதனால் இந்தச் சொல் காதில் விழுந்ததும் முகம் சுளிப்பவர்களைக் குறைகூற முடியாது. ஆனால் நோர்வேயிலோ பின்லாந்திலோ நியூசிலாந்திலோ காட்டுக்குப் போகும் ஒரு வேட்டைக்காரரிடம் கேட்டால், தன் காதையும் தனது நாயின் காதையும் காப்பாற்றுவதற்காக மாட்டியிருக்கும் ஒரு குழாய் என்றே அதைச் சொல்வார்.

புலம்பெயர்ந்த நாடுகளில் வளரும் எமது பிள்ளைகள் அந்நாட்டு வழக்கப்படி வேட்டைப் பரீட்சைக்குத் தோற்றவும், சூட்டுக் கழகங்களில் சேரவும் விரும்பினால், பெற்றோருக்கு முதலில் வரும் பயம் துவக்கைப் பற்றியது. அடுத்து வரவேண்டிய பயம் காதைப் பற்றியது. யுத்தத்தின் சத்தத்தில் செவிப்புலனின் ஒரு பகுதியைப் பறிகொடுத்தவர்கள் நிறைந்த ஒரு சமூகத்துக்கு, அந்த இரண்டாவது பயத்தை அதிகம் விளக்கத் தேவையில்லை. ஒலியடக்கி என்றால் என்ன, அது என்ன செய்யும், என்ன செய்யாது, வாங்க அனுமதியுள்ள நாடுகளில் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

தந்தையின் செவிடும் மகனின் கண்டுபிடிப்பும்

1884ஆம் ஆண்டளவில் உலகின் முதலாவது முழுமையான தானியங்கி இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கியவர் ஹைரம் ஸ்டீவன்ஸ் மக்சிம். அமெரிக்காவின் மேயின் மாநிலத்தில் பிறந்து, இலண்டனில் குடியேறி, பின்னர் பிரித்தானியாவின் 'சேர்' பட்டத்தையும் பெற்றவர். அவரது பெயரைத் தாங்கிய மக்சிம் துப்பாக்கி ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் காலனித்துவப் படைகளின் கையில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. தன் கண்டுபிடிப்புகளின் அருகிலேயே பல ஆண்டுகள் நின்று பரீட்சித்த மக்சிம், முதுமையில் ஏறத்தாழ முழுச் செவிடரானார்.

அவரது மகன் ஹைரம் பேர்சி மக்சிம் ஒரு பொறியியலாளர். துவக்கின் சத்தத்தைக் குறைக்கும் குழாய் ஒன்றுக்கு 1909ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். வணிகரீதியில் வெற்றிபெற்ற முதலாவது ஒலியடக்கி அதுவே. அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கூட தனது வேட்டைத் துவக்கில் அதைப் பொருத்தியிருந்தார். அதே மகன் மோட்டார் வாகனத் துறையிலும் வேலை செய்தவர். அவரது நிறுவனம் பிற்காலத்தில் இயந்திரங்களின் புகைக்குழாய்களுக்கான ஒலியடக்கிகளைத் தயாரித்தது. மோட்டார் சைக்கிளுக்கும் துவக்குக்கும் ஒரே பெயர் வழங்குவது தற்செயலானதல்ல. இரண்டுமே சூடான வாயுவை உடனே வெளியே விடாமல், அறை அறையாகச் சுற்றவைத்து, ஆறவைத்து, மெதுவாக வெளியேற்றுகின்றன.

ஒரு வெடியில் எத்தனை சத்தம்?

யுத்தகாலத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதைப் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. தூரத்தில் இருந்து சுடும்போது சன்னம் முதலில் தலைக்கு மேலே 'சடார்' என்று கடந்துபோகும். அதன் பிறகுதான் துவக்கு வெடித்த ஓசை வந்து சேரும். மோட்டார் செல்லில் இது தலைகீழ்: முகாமில் 'குத்துகிற' சத்தம் முதலில் கேட்கும், அதை எண்ணிக்கொண்டே பதுங்குகுழிக்குள் இறங்கலாம். மேலே ஏறி வளைந்து வரும் செல், ஒலியைவிடத் தாமதமாக வருவதே அதற்குக் காரணம்.

சாதாரண வெப்பநிலையில் ஒலி செக்கனுக்கு சுமார் 340 மீற்றர் வேகத்தில் பயணிக்கிறது. வேட்டை ரைபிள் ஒன்றின் சன்னமோ செக்கனுக்கு 800 மீற்றரை அண்மித்த வேகத்தில் வெளியேறுகிறது. ஆகவே துவக்கின் சத்தத்தை நான்காகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, குழல் வாயில் வெடியோசை. மருந்து எரிந்து உண்டான அழுத்தம் மிகுந்த வாயு, சன்னத்தின் பின்னால் ஒரேயடியாக வெளியே பாய்வதால் எழுவது. இரண்டாவது, ஒலியைவிட வேகமாகச் செல்லும் சன்னம் காற்றைக் கிழிப்பதால் எழும் 'சடார்' ஓசை. மூன்றாவது, துவக்கின் பொறிமுறை அசையும் உலோகச் சத்தம். நான்காவது, சன்னம் இலக்கில் மோதும் சத்தம்.

ஒலியடக்கி கைவைப்பது முதலாவதில் மட்டுமே. சன்னம் வெளியேறிய பின் காற்றில் எழுப்பும் ஓசையை எந்தக் குழாயாலும் நிறுத்த முடியாது. சினிமாவில் கேட்கும் 'புஸ்' என்ற சத்தம் ஒலிப்பதிவுக் கூடத்தில் செய்யப்பட்டது. ஒலியடக்கி மாட்டிய வேட்டை ரைபிளின் வெடி, அடுத்த காணியில் இருப்பவருக்கும் தெளிவாகக் கேட்கும். அது எங்கிருந்து வந்தது என்று சொல்வதுதான் சற்றுக் கடினமாகும்.

டெசிபல் கணக்கு

சத்தத்தை அளக்கும் டெசிபல் அளவுகோல் சாதாரண கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை. 20 டெசிபல் கூடினால் காற்றழுத்தம் பத்து மடங்காகிறது. 6 டெசிபல் குறைந்தால் அழுத்தம் பாதியாகிறது. ஆகவே 30 டெசிபல் குறைந்தது என்றால், காதில் மோதும் அழுத்தம் சுமார் முப்பதில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள்.

திடீர் வெடியோசைக்கு, வளர்ந்தவர்களின் காதுக்கான ஆபத்தெல்லையாக 140 டெசிபல் உச்ச அளவு கொள்ளப்படுகிறது. சிறுவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் கூறும் எல்லை 120 டெசிபல். .308 போன்ற வேட்டை ரைபிள் ஒன்று ஒலியடக்கி இல்லாமல் 160 டெசிபலுக்கு மேல் எழுப்புகிறது. நல்ல ஒலியடக்கி ஒன்று பொதுவாக 20 தொடக்கம் 35 டெசிபல் வரை குறைக்கும். அதாவது 165 டெசிபல் 135 அளவுக்கு வரும். எல்லைக்குக் கீழே வந்துவிட்டது என்றாலும் அதிகம் கீழே அல்ல. நாள் முழுக்கப் பல வெடிகள் வைக்கும் சூட்டுத் திடலில் இது போதாது. சிறுவர்களுக்கு அறவே போதாது.

எனவே முதலாவது விதி: ஒலியடக்கி காது மூடிக்கு மாற்றீடு அல்ல. இரண்டையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும்.

காதுக்குள் நடப்பது

உட்காதில் நத்தை ஓடு போன்ற உறுப்பினுள் சுமார் 15,000 நுண்மயிர்க் கலங்கள் உள்ளன. ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றுபவை அவையே. மனிதர்களில் இவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பெரிய சத்தம் கேட்கும்போது நடுக்காதின் சிறு தசைகள் இறுகிக் காதைக் காக்க முயல்வது உண்மை. ஆனால் வெடியோசை சில மில்லி செக்கன்களுக்குள் முடிந்துவிடுகிறது. தசை இறுகுவதற்குள் சேதம் நடந்து முடிந்திருக்கும்.

முதலில் பாதிக்கப்படுவது 4,000 ஹேர்ட்ஸை ஒட்டிய உயர் சுரங்கள். மெய்யெழுத்துகளை வேறுபடுத்திக் காட்டுவது இந்தப் பகுதியே. அதனால்தான் "கதைக்கிறது கேட்குது, என்ன சொல்லுறியள் எண்டு விளங்குதில்லை" என்று பலர் சொல்கிறார்கள். வலக்கையால் சுடுபவருக்கு இடது காது குழல் வாயை நோக்கியிருக்கும். வலது காதைத் தலை ஓரளவு மறைக்கும். எனவே இடது காதே கூடுதலாகக் கெடுகிறது. ஒரு காதில் மாத்திரம் இடைவிடாத இரைச்சல் கேட்கும் பழைய வேட்டைக்காரர்கள் பலரிடம் இந்தக் கணக்கு பொருந்திவரும்.

தெரிவு செய்யும்போது பார்க்க வேண்டியவை

சட்டப்படி அனுமதியுள்ள ஒருவர் கடைக்குப் போகும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

எந்தத் துவக்குக்கு? ஒலியடக்கி ஒவ்வொன்றும் குறித்த சன்ன விட்டத்துக்கும், தாங்கக்கூடிய அழுத்தத்துக்கும் ஏற்பவே செய்யப்படுகிறது. சிறிய துளை கொண்ட ஒன்றில் பெரிய சன்னம் போனால் குழாய் வெடிக்கும். பெரிய துளை கொண்ட ஒன்றைச் சிறிய சன்னத்துக்குப் பயன்படுத்தலாம், ஆனால் சத்தம் சற்றுக் கூடுதலாக வெளியேறும். .22 சிறு ரைபிளுக்கானதை வேட்டை ரைபிளில் மாட்டவே கூடாது. குழலின் ஆகக்குறைந்த நீளம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதையும் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருப்பார். குழல் கட்டையாகும்போது வாயில் வெளிவரும் அழுத்தம் கூடும்.

திருகுமரை பொருந்துகிறதா? ஐரோப்பாவில் எம்14×1, எம்15×1, எம்18×1 போன்ற மில்லிமீற்றர் அளவுகளும், பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் அங்குல அளவுகளும் வழக்கில் உள்ளன. கிட்டத்தட்டச் சரி என்பது இங்கே சரியல்ல. ஒலியடக்கி நூலிழை சரிந்து நின்றாலும் சன்னம் உள்ளே இருக்கும் தடுப்புத் தகட்டில் உரசும். குழலில் மரை வெட்டுவதைத் தகுதிபெற்ற துவக்குத் திருத்துநரிடமே விட வேண்டும்.

முன்னே நீள்வதா, குழலை மூடி நிற்பதா? முழுவதும் வாயின் முன்னால் நிற்கும் வகை எளிமையானது. ஆனால் துவக்கின் நீளத்தை 15 தொடக்கம் 20 சென்ரிமீற்றர் வரை கூட்டிவிடும். பற்றைக்குள் நடப்பவருக்கு அது தொல்லை. பாதி பின்னோக்கிக் குழலைச் சூழ்ந்து நிற்கும் வகை நீளத்தை அவ்வளவு கூட்டாது, சமநிலையும் நன்றாக இருக்கும். எனினும் அது பருமனானது, உள்ளே ஈரம் தங்கினால் குழலைத் துருப்பிடிக்க வைக்கும்.

என்ன உலோகம்? அலுமினியம் இலேசானது, மலிவானது. நாளொன்றுக்கு ஓரிரு வெடி வைக்கும் வேட்டைக்காரருக்கும் .22 ரைபிளுக்கும் அது போதும். அடுத்தடுத்துச் சுட்டால் சூட்டில் பலம் குறையும், தகடுகள் அரிக்கும். துருப்பிடிக்காத உருக்கு நீண்டகாலம் உழைக்கும், ஆனால் துவக்கின் முனையைப் பாரமாக்கும். டைட்டேனியம் பாரத்தில் குறைவு, பலத்தில் அதிகம், விலையிலும் அதிகம். நாள்முழுக்கத் தோளில் சுமப்பவர் பாரத்தையும், திடலில் மேசையில் வைத்துச் சுடுபவர் உழைப்பையும் முன்னுக்கு வைப்பது பொருத்தம்.

கழற்றலாமா? .22 ரைபிளின் ஈயச் சன்னங்கள் உள்ளே ஈயத்தையும் கரியையும் படியவைக்கும். ஆகவே அதற்குக் கழற்றித் துப்புரவு செய்யக்கூடிய வகையே வேண்டும். அந்தத் தூசு ஈயத் தூசு என்பதால் கையுறை அணிந்து, சமையலறையில் இருந்தும் பிள்ளைகளில் இருந்தும் தூரத்தில் வைத்தே செய்ய வேண்டும். உயர் அழுத்த ரைபிள்களுக்கான ஒலியடக்கிகள் பெரும்பாலும் ஒட்டி மூடப்பட்டே வருகின்றன.

விளம்பர எண்ணை எப்படி வாசிப்பது? "40 டெசிபல் குறைக்கும்" என்று எழுதியிருந்தால், எங்கே அளந்தார்கள் என்று கேளுங்கள். குழல் வாயில் இருந்து பக்கவாட்டில் ஒரு மீற்றரில் அளப்பது ஒரு முறை, சுடுபவரின் காதருகே அளப்பது இன்னொரு முறை. இரண்டும் வெவ்வேறு எண்களைத் தரும். உங்கள் காதுக்கு வேண்டியது இரண்டாவது எண். மேலும் முதல் வெடியில் குழாய்க்குள் இருக்கும் காற்றின் ஒட்சிசன் எரிவதால் சத்தம் சற்றுக் கூடுதலாக இருக்கும். சராசரி எண் அதை மறைத்துவிடும். வேட்டைக்காரர் பெரும்பாலும் வைப்பது அந்த முதல் வெடியை மட்டுமே. கைத்தொலைபேசிச் செயலிகளால் வெடியோசையை அளக்க முடியாது. அதன் ஒலிவாங்கி அவ்வளவு வேகமான உச்சத்தைப் பிடிக்காது.

மெதுவான சன்னம் பற்றிய ஆசை

ஒலியின் வேகத்துக்குக் குறைந்த சன்னத்தைப் பாவித்தால் 'சடார்' ஓசையும் இல்லாமல் போகும். .22 ரைபிளில் இது மிகவும் பொருத்தமானது. செக்கனுக்கு சுமார் 320 மீற்றர் வேகமுள்ள ரவையும் நல்ல ஒலியடக்கியும் சேர்ந்தால் சத்தம் 120 டெசிபல் அளவுக்கு வரும். இலக்குப் பயிற்சிக்கும் முயல் வேட்டைக்கும் அது போதும்.

பெரிய விலங்குக்கு இது ஆகாது. கணக்கு எளிது. 10 கிராம் சன்னம் செக்கனுக்கு 820 மீற்றரில் சென்றால் அதன் ஆற்றல் சுமார் 3,360 ஜூல். அதே சன்னம் 320 மீற்றரில் சென்றால் சுமார் 510 ஜூல் மட்டுமே. அத்துடன் வேகம் குறைந்த சன்னம் உடலுக்குள் விரிவதும் குறைவு, தூரம் கூடக்கூட விரைவாகத் தாழ்ந்தும் போகும். விளைவு, காயத்துடன் ஓடி நாட்கணக்கில் வேதனைப்பட்டுச் சாகும் விலங்கு. இதனாலேயே நோர்வே, ஜேர்மனி போன்ற நாடுகள் பெரிய விலங்குகளுக்கு ஆகக்குறைந்த சன்ன ஆற்றலைச் சட்டத்தில் விதித்துள்ளன. சத்தத்தைக் குறைப்பதற்காக விலங்கின் வேதனையைக் கூட்டுவது வேட்டை ஒழுக்கத்துக்கு எதிரானது.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும்

எம்மவர்கள் வாழும் நாடுகளுக்கிடையில் இந்த விடயத்தில் உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்குமானது. ஓரிடத்தில் சாதாரண கடைப் பொருள், மற்ற இடத்தில் சிறைக்கு அனுப்பும் பொருள்.

நோர்வேயிலும் பின்லாந்திலும் வேட்டைக்காரர்களிடையே ஒலியடக்கி மிகப் பரவலானது. நியூசிலாந்திலும் அவ்வாறே. ஜேர்மனியில் 2020ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், வேட்டை அனுமதிப்பத்திரம் உள்ளவர்களுக்கு வேட்டை ரைபிள்களுக்கான ஒலியடக்கியை வைத்திருக்க வழிவிட்டது. பிரித்தானியாவில் ரைபிள்களுக்கான ஒலியடக்கிகள் நீண்டகாலமாகப் பொலிஸ் வழங்கும் சுடுகலன் சான்றிதழோடு இணைந்தவை. சுவிற்சர்லாந்தில் கன்ரோன் நிர்வாகத்தின் விசேட அனுமதி தேவை.

அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டின் தேசிய சுடுகலன் சட்டம் ஒலியடக்கிகளைப் பதிவுக்கு உட்படுத்தி, 200 டொலர் வரியையும் விதித்தது. 2025இல் நிறைவேற்றப்பட்ட சட்டத்தின்படி அந்த வரி 2026 ஜனவரி 1 முதல் பூச்சியமாக்கப்பட்டது. பதிவும் பின்னணிச் சோதனையும் நீங்கவில்லை. 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் பொதுமக்கள் வைத்திருக்க அனுமதிக்க, கலிபோர்னியா, நியூயோர்க் போன்றவை தடுக்கின்றன.

கனடாவில் இது முற்றாகத் தடைசெய்யப்பட்ட சாதனம். துவக்கு அனுமதிப்பத்திரம் இருந்தாலும் வைத்திருப்பது குற்றவியல் குற்றமாகும். இணையத்தில் 'துப்புரவுக் கருவி', 'உதிரிப்பாகம்' என்ற பெயர்களில் விற்கப்படுபவற்றை விலை மலிவு என்று வரவழைத்து வழக்கில் சிக்க வேண்டாம். குடியுரிமை இன்னும் கிடைக்காத ஒருவருக்கு அத்தகைய வழக்கு வதிவிட அனுமதியையே கேள்விக்குள்ளாக்கலாம். அவுஸ்திரேலியாவின் மாநிலங்களிலும் கட்டுப்பாடு கடுமையானது. எந்த நாடாக இருந்தாலும் வாங்க முன்னர் உள்ளூர் பொலிஸாரிடமோ கழகத்திடமோ எழுத்தில் கேட்பது நல்லது. நாட்டெல்லை கடந்து கொண்டுசெல்வது இன்னொரு தனிச் சட்டம்.

இலங்கையில் அனுமதிப்பத்திரமின்றிச் சுடுகலன் வைத்திருப்பதே குற்றம். ஊருக்குப் போகும் பயணப்பொதியில் இதற்கு இடமில்லை.

பாவனையும் பராமரிப்பும்

ஒவ்வொரு முறையும் சுட முன்னர், துவக்கில் ரவை இல்லை என்பதை உறுதிசெய்த பின் ஒலியடக்கி இறுகியிருக்கிறதா எனக் கையால் பார்க்க வேண்டும். வெடியின் அதிர்வில் அது தளரும். மாட்டினால் சன்னம் விழும் இடம் மாறும். எனவே மாட்டிய நிலையிலேயே குறிபார்த்துச் சரிசெய்து, அதே நிலையில் வேட்டைக்குப் போக வேண்டும். பாரமும் வாயுவைத் தடுப்பதும் சேர்ந்து தோளில் இடிக்கும் உதைப்பைக் கணிசமாகக் குறைக்கும். வெடிக்குப் பயந்து கண்ணை மூடும் புதியவர்கள் இதனால் நன்றாகக் குறிபார்க்கிறார்கள்.

சில வெடிகளிலேயே குழாய் கையைச் சுடும் அளவுக்குக் கொதிக்கும். காய்ந்த புல்லிலோ வாகன இருக்கையிலோ வைக்கக் கூடாது. வேலை முடிந்ததும் கழற்றி, நிமிர்த்தி வைத்து உலரவிட வேண்டும். எரிந்த மருந்தில் இருந்து வரும் ஈரம் உள்ளே தங்கினால் குழலின் வாய் துருப்பிடிக்கும். குளிர் நாடுகளில் வெளியிலிருந்து சூடான வீட்டுக்குள் கொண்டுவரும்போது இது இன்னும் வேகமாக நடக்கும்.

ஏற்கெனவே காது பாதிக்கப்பட்டவர்களுக்கு

வன்னியில் செல் விழுந்த இடங்களுக்கு அருகே இருந்தவர்களில் பலருக்குச் செவிப்பறை கிழிந்தது. கிழிந்த பறை பல வேளைகளில் தானே மூடிக்கொள்ளும். அதனால் "காது மாறிவிட்டது" என்று விட்டுவிட்டவர்கள் உண்டு. உட்காதின் நுண்மயிர்க் கலங்கள் அப்படி மாறுவதில்லை. ஒரு காதால் மட்டும் தொலைபேசி பேசுவது, கூட்டத்தில் கதை விளங்காமல் சிரித்துச் சமாளிப்பது, தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது, இரவில் காதிரைச்சலால் நித்திரை வராதது ஆகியன செவிப்புலப் பரிசோதனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள். பரிசோதனைக்கு வலியில்லை, அரை மணித்தியாலம் போதும். கேட்கும் கருவி பலருக்குக் குடும்பப் பேச்சைத் திருப்பித் தருகிறது.

இவர்கள் சூட்டுத் திடலுக்குப் போக விரும்பினால், எஞ்சியிருப்பதை இழக்க இடமில்லை என்பதை மனதில் வைக்க வேண்டும். செருகும் காதடைப்பான், அதன் மேல் காது மூடி, அதற்கும் மேலாக அனுமதியிருந்தால் ஒலியடக்கி என மூன்றும் தேவை. வெடிச்சத்தம் பழைய நாட்களைத் திருப்பிக் கொண்டுவந்தால் திடலை விட்டு விலகுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒலியடக்கி அந்தச் சத்தத்தைக் குறைக்கும், ஞாபகத்தைக் குறைக்காது.

ஊரில் யானையை விரட்ட 'யானை வெடி' கொளுத்தும் விவசாயிக்கும் இந்தக் காதுக் கணக்கு அப்படியே பொருந்தும். ஒலியடக்கி அவருக்கு உரியதல்ல. சில நூறு ரூபாவுக்குக் கிடைக்கும் காதடைப்பான் உரியது. பெட்டியில் வெடியோடு ஒரு சோடி காதடைப்பானையும் வைத்துக்கொள்வதும், வெடி கொளுத்தும் இடத்தில் இருந்து பிள்ளைகளைத் தூரத்தில் நிறுத்துவதும் செலவில்லாத பழக்கங்கள். திடீரென்று ஒரு வெடிக்குப் பின் காது அடைத்து, ஒரு நாளுக்குள் திறக்காவிட்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். முதல் சில நாட்களில் தொடங்கும் சிகிச்சைக்கே பலன் அதிகம். வாரங்கள் கடந்தபின் வைத்தியரால் செய்யக்கூடியது மிகக் குறைவு.